கீமோ முடிந்து மூன்றே மாதம், கணையப் புற்றுக்கு ரத்தத்தில் பார்க்கும் மார்க்கர் சிஏ 19-9 24லிருந்து 58. திரும்பி வந்துவிட்டதா?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், கேட்பது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது, தஞ்சாவூர் பக்கம், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். போன வருடம் சித்திரையில் கண்ணெல்லாம் மஞ்சளாகி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து இரண்டு வாரத்தை வீணாக்கி, அப்புறம் திருச்சியில் ஸ்கேன் எடுத்ததில் கணையத்தின் தலைப்பகுதியில் 2.6 செ.மீ. கட்டி. அன்றைக்கு காமாலை அளவைக் காட்டும் பிலிரூபின் 14, சிஏ 19-9 1,240. பித்தக்குழாயில் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்து பிலிரூபின் 1.6க்கு இறங்கியதும் மறுபடி பார்த்தால் 310. பிறகு கணையத்தின் தலைப்பகுதியை வெட்டியெடுக்கும் விப்பிள் ஆபரேஷன். எடுத்த 17 நிணநீர்க் கணுவில் 2இல் இருந்தது, வெட்டிய ஓரம் சுத்தம் என்று பயாப்சி சொன்னது. ஆறு மாதம் ஜெம்சிடபின் ஊசியும் கேபெசிடபின் மாத்திரையும்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்தில் 22. கீமோ நடுவில் 19. கீமோ முடிந்ததும் 24. போன வாரம் எடுத்தது 58.4.

ரிப்போர்ட் இரவு 9.40க்கு வாட்ஸ்அப்பில் வந்தது. மற்ற எல்லா வரியும் சாதாரண எழுத்தில், இது மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. அப்பா உள்ளறையிலிருந்து "வந்திருச்சாப்பா?" என்று கேட்டார். நாளைக்குத்தான் தருவார்களாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு நோட்டில் ஒவ்வொரு எண்ணையும் தேதி போட்டு எழுதி, பின்பக்கம் கிராஃப் தாளில் புள்ளி வைத்து வைத்திருக்கிறார். அந்த நோட்டை மேஜைமேல் திறந்துவைத்துவிட்டுத்தான் தூங்கப் போனார்.

டாக்டரைப் பார்க்க இன்னும் 12 நாள் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, முதுகுவலி இல்லை, எடை ஒன்றரை கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரைதான் ஏறிக் கிடக்கிறது, வெறும் வயிற்றில் 240. இதற்கு முன்பு எல்லாம் ஆஸ்பத்திரி லேபிலேயே எடுத்தோம், இந்தத் தடவை அலைய வேண்டாமே என்று வீட்டுக்கு வந்து எடுக்கிறவர்களிடம் கொடுத்தோம். 58 என்றால் திரும்பி வந்துவிட்டது என்றுதான் அர்த்தமா? இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பதா, நேராக சிடி ஸ்கேனுக்குப் போய்விடுவதா?


மூன்றாம்படி:

தம்பி, முதலில் தண்ணீர் குடியுங்கள். நானும் ஒரு ராத்திரி முழுக்க அந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான்.

என் அம்மாவுக்கு 2019இல் இதே ஆபரேஷன். ஒன்றரை வருடம் 15, 20 என்றே போய்க்கொண்டிருந்தது, ஒரு நாள் 840. நாங்கள் எல்லாம் முடிந்தது என்றே நினைத்து அக்காவை மஸ்கட்டிலிருந்து வரச் சொல்லிவிட்டோம். ஆனால் அதற்கு நான்கு நாள் முன்னாடி அம்மாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, மூன்று போர்வை போட்டும் பல் கிட்டியது, காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து காபி கேட்டார். சிறுநீர் மட்டும் கட்டன் டீ நிறம். அதை நாங்கள் யாரும் டாக்டரிடம் சொல்லவேயில்லை, ஏதோ காய்ச்சல் வந்து போனது என்று விட்டுவிட்டோம்.

விப்பிளில் பித்தக்குழாயை நேராகச் சிறுகுடலோடு சேர்த்துத் தைக்கிறார்கள் இல்லையா, அந்தத் தையல் இடம் நாளாக நாளாகச் சுருங்கிப்போகலாம். பித்தம் தேங்கி, கிருமி ஏறி, குழாயே வீங்கிவிடும். அப்படி ஆனால் சிஏ 19-9 ஆயிரக்கணக்கில்கூடப் போகும், புற்று ஒரு துளி இல்லாமலேயே. அம்மாவுக்கு எம்ஆர்சிபி என்ற பித்தக்குழாய் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஆன்டிபயாடிக் போட்டு, விலாப் பக்கமாகத் தோல் வழியே ஒரு குழாய் விட்டு பித்தத்தை வடித்தார்கள். ஐந்து வாரத்தில் 840 போய் 41 ஆனது.

உங்கள் அப்பாவின் எண்களிலேயே இது இருக்கிறது, பாருங்கள். பிலிரூபின் 14ஆக இருந்தபோது 1,240, ஸ்டென்ட் வைத்ததும் 310. கட்டி அப்படியேதான் இருந்தது, அடைப்பு விலகியதற்கே அவ்வளவு இறங்கியது. அதனால் இந்த 58ஐத் தனியாகப் பார்க்காதீர்கள். அதே நாளில் லிவர் டெஸ்ட் எடுத்தீர்களா? பிலிரூபின், ஆல்கலைன் பாஸ்பேடேஸ், ஜிஜிடி மூன்றும் எப்படி இருக்கிறது? குளிர்க் காய்ச்சல் ஒரு தடவையாவது வந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். வாத்தியார்கள் சொல்ல மாட்டார்கள், அம்மாவைக் கேளுங்கள்.


ஐந்தாம்நம்பர்ட்யூப்:

பதினாறு வருடமாக லேபில் இருக்கிறேன், டாக்டர் இல்லை. சிகிச்சை பற்றி எனக்குக் கருத்து கிடையாது, எண் எப்படிப் பிறக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

லேப் மாற்றியதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், நான் அங்கேதான் நின்றேன். சிஏ 19-9 என்பது குளுக்கோஸ் மாதிரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அளக்கப்படுகிற ஒற்றைப் பொருள் இல்லை. ரத்தத்தில் மிதக்கும் பெரிய புரத மூலக்கூறுகளின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரைத் துணுக்கை ஆன்டிபாடி வைத்துப் பிடிக்கிறோம். ரோஷ் மெஷின் பிடிக்கும் விதம் வேறு, அபாட் மெஷின் பிடிக்கும் விதம் வேறு, சீமென்ஸ் வேறு. ஒரே கையில் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தை இரண்டு மெஷினில் ஓட்டினால் ஒன்றில் 30, இன்னொன்றில் 50 வருவதெல்லாம் எங்களுக்கு அதிசயமே இல்லை. இரண்டுமே தப்பில்லை. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் அது தப்பு.

ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் மெத்தட் என்று ஒரு வரி இருக்கும், இசிஎல்ஐஏ என்றோ சிஎம்ஐஏ என்றோ போட்டிருப்பார்கள். பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறு வேறாக இருந்தால் அப்பாவின் கிராஃபில் கடைசிப் புள்ளி அந்தத் தாளைச் சேர்ந்ததே இல்லை.

இன்னொன்று, யாரும் கேட்காத கேள்வி. கீமோவில் முடி கொட்டியதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா? சில மெஷின்களில் ரத்தத்தில் பயோட்டின் அதிகம் இருந்தால் இந்த டெஸ்ட் குறைத்துக் காட்டும். அதாவது பழைய 19ம் 24ம் நிஜமாகவே அவ்வளவுதானா என்பதும் ஒரு கேள்விதான். மல்டிவிட்டமினில் இருக்கிற சொற்ப அளவு பரவாயில்லை, முடிக்கென்றே விற்கும் 10 மி.கி. மாத்திரைதான் தொந்தரவு. எடுத்தால் எத்தனை நாள் முன்னாடி நிறுத்த வேண்டும் என்று லேபில் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள்.

37க்கு மேல் போனால் அதிகம் என்று ரிப்போர்ட்டில் போடுகிற எல்லைக்கோட்டுக்கும் ரொம்ப மரியாதை கொடுக்காதீர்கள். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறும், இறங்கும். 19, 22, 24 எல்லாம் எங்கள் கணக்கில் ஒரே எண். 36 வந்தால் வீட்டில் பாயசமும் 38 வந்தால் ஒப்பாரியும் வைக்கிறார்கள், பார்த்துச் சலித்துவிட்டது. ஆனால் 24க்கும் 58க்கும் உள்ள தூரம் அந்த மாதிரி தள்ளாட்டம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மெஷின் மாறியிருக்க வேண்டும், இல்லை உள்ளே ஏதோ மாறியிருக்க வேண்டும். பழைய லேபிலேயே திரும்ப எடுங்கள்.


பசும்புல்:

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் தப்பே இல்லை, அதை ஏன் வீணாக்கினோம் என்று எழுதுகிறீர்கள்? முள்சீத்தா இலைக் கஷாயம் காலை மாலை கொடுங்கள், மார்க்கர் தானாக இறங்கும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இறங்கியது.


ஐந்தாம்நம்பர்ட்யூப்:

ஐயா, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கூடவே வேறு என்ன சிகிச்சை எடுத்தார், எந்த லேபில் எடுத்தார், கஷாயத்துக்கு முன் பின் பிலிரூபின் எவ்வளவு என்று தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் பித்தக்குழாயை வெட்டித் தைத்த ஒருவருக்கு எந்தக் கஷாயமும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கல்லீரல் கலங்கினாலே இந்த எண் ஏறும். அப்புறம் ஏறியது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.


சாம்பல்நிறப்பூனை:

மேலே சொன்னது எல்லாமே சரி. ஆனாலும் நான் கொஞ்சம் கசப்பாக எழுதப்போகிறேன், மன்னித்துவிடுங்கள்.

என் கணவருக்கு 31, 74, 190, 460. லேப் மாறவில்லை. பிலிரூபின் 0.8. காய்ச்சல் இல்லை. 74 வந்தபோது சிடி எடுத்தோம், ஒன்றுமில்லை என்று வந்தது. எங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டதால் அத்தோடு விட்டுவிட்டோம். சர்க்கரை ஏறியிருக்கிறது அதனால்தான், கிருமித் தொற்றாக இருக்கும், மெஷின் கோளாறாக இருக்கும் என்று இதே மாதிரி ஒரு குழுவில் ஆளுக்கு ஒரு காரணம் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் ஆசை ஆசையாக எடுத்துக்கொண்டேன். ஆறு வாரத்தில் திரும்ப எடுக்கச் சொன்ன டெஸ்ட்டை தீபாவளி, மச்சினன் கல்யாணம் என்று மூன்றரை மாதம் தள்ளினோம். 190. அப்போது எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் நான்கு புள்ளி.

கணையப் புற்றில் ரத்தத்தில் ஏறுவது ஸ்கேனில் கண்ணுக்குத் தெரிவதற்குச் சில மாதம் முன்னாடியே நடக்கலாம். ஸ்கேன் சுத்தம் என்றால் "இல்லை" என்று அர்த்தமில்லை, "இன்னும் தெரியவில்லை" என்பதும் அதில் அடக்கம். அப்படியென்றால் உடனே கீமோ ஆரம்பிக்கலாமே என்று நானும் டாக்டரிடம் சண்டை போட்டேன். வெறும் மார்க்கரை வைத்து ஆரம்பிப்பதில்லை, படத்தில் தெரிய வேண்டும், முடிந்தால் ஊசி வைத்து எடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அது சரி என்றே தோன்றுகிறது, ஏனென்றால் மூன்றாம்படி அக்காவின் அம்மாவுக்கு 840ஐப் பார்த்து கீமோ போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சர்க்கரை விஷயத்திலும் ஒரு கவனம் வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இந்த எண் கொஞ்சம் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் கணையத்தில் கோளாறு திரும்பினாலும் சர்க்கரை ஏறும், எடை இறங்கும். எது முந்தி எது பிந்தி என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. 12 நாள் காத்திருக்காதீர்கள். போன் செய்து எண்ணைச் சொல்லுங்கள், முன்னாடியே வரச் சொல்வார்கள். எப்படியும் முதல் இரண்டு வருடம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்ப்பது வழக்கம்தான், கேட்பதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்பாவிடம் நாளைக்கு நாளைக்கு என்று எத்தனை நாள் சொல்வீர்கள்? என் கணவரிடம் நான் 74ஐ 34 என்று சொன்னேன். அவர் பிறகு பைலில் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை.


பேருந்துஜன்னல்:

நான் வேறு கட்டத்தில் இருக்கிறேன், ஆனாலும் எழுதலாம் என்று தோன்றியது. என் பெரியம்மாவுக்கு ஆபரேஷன் செய்ய முடியாத நிலை, பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபால்ஃபிரினாக்ஸ் என்ற கீமோ போகிறது, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, 46 மணி நேரம் மருந்து பம்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். ஆரம்பத்தில் 900. இரண்டு சைக்கிள் முடிந்து பார்த்தால் 1,300. மருந்து வேலை செய்யவில்லை, மாற்றுங்கள் என்று அண்ணன் குதித்தான். டாக்டர், கீமோ தொடங்கியதும் சிலருக்குக் கொஞ்ச நாள் ஏறிவிட்டுத்தான் இறங்கும், எட்டாவது வாரத்தில் ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்போம் என்றார். எட்டாவது வாரம் 410, கட்டியும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, ஏறிக்கொண்டே போகிறவர்களும் வார்டில் இருக்கிறார்கள்.

எங்கள் வார்டில் இன்னொரு ஐயா இருந்தார், அவருக்கு எப்போது எடுத்தாலும் 2க்குக் கீழே. எல்லோரும் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம். கட்டி என்னவோ பெரியதாகிக்கொண்டே போனது. அது எப்படி என்று லேப் அண்ணாவுக்குத் தெரியுமா?


ஐந்தாம்நம்பர்ட்யூப்:

தெரியும். ஏ, பி, ஓ மாதிரி லூயிஸ் என்று இன்னொரு ரத்த வகை இருக்கிறது. 100 பேரில் சுமார் 5 முதல் 10 பேருக்கு அந்தச் சர்க்கரைத் துணுக்கைக் கட்டுகிற என்சைமே கிடையாது. அவர்களுக்குப் புற்று எவ்வளவு இருந்தாலும் சிஏ 19-9 ஏறவே ஏறாது, அல்லது பேருக்கு ஏறும். அந்த ஐயாவுக்கு அப்படி இருந்திருக்கலாம். அவர்களுக்கு சிஇஏ, சிஏ 125 என்ற வேறு மார்க்கர்கள் இரண்டில் ஏதாவது ஏறுகிறதா என்று பார்ப்பார்கள், மீதி ஸ்கேன்தான். ஆபரேஷனுக்கு முன்னாடியே கட்டி இருக்கும்போதும் எண் தரையிலேயே கிடந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

வெண்ணாற்றங்கரை அப்பாவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. காமாலை வடிந்த பிறகும் 310 இருந்து, கட்டியை எடுத்ததும் 22க்கு வந்திருக்கிறது. அவர் உடம்பில் இந்த மார்க்கர் பேசுகிறது. அதனாலேயே 58ஐத் தள்ளிவிடவும் முடியாது, பூனை மேடம் சொன்னது சரி.


வெண்ணாற்றங்கரை:

பதினேழு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி.

மறுநாள் காலையிலேயே போன் செய்தேன், மூன்றாம் நாள் வரச் சொல்லிவிட்டார்கள். லேப் அண்ணா சொன்ன பொடி எழுத்தைப் பார்த்தேன், பழையது இசிஎல்ஐஏ, புதியது சிஎம்ஐஏ. டாக்டரிடம் காட்டினேன், அவர் சிரித்துவிட்டு ஆஸ்பத்திரி லேபில் ஒன்று எடுக்கச் சொன்னார். 39.6. அதாவது 58 பொய், ஆனால் 24ம் இல்லை. பயோட்டின் சாப்பிடவில்லை. பிலிரூபின் 0.7, ஜிஜிடி கொஞ்சம் கூட. குளிர்க் காய்ச்சல் வந்ததா என்று அம்மாவைத் தனியாகக் கேட்டேன், இல்லை என்றார், ஆனால் அப்பா சத்து மாத்திரை என்று நினைத்து, செரிமானத்துக்குக் கொடுத்த என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் வாயோடு போட வேண்டியதாம். எடை குறைந்ததற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.8, இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்கள்.

சிடி எடுத்தோம். கல்லீரல், நுரையீரல் சுத்தம். ஆபரேஷன் செய்த இடத்தில், ரத்தக்குழாயை ஒட்டி மெல்லிய திசு மாதிரி ஒன்று தெரிகிறது, ஆபரேஷன் தழும்பாகவும் இருக்கலாம், சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு வாரத்தில் அதே லேபில் ரத்தம், எட்டாவது வாரம் ஸ்கேன். தேதி வாங்கிவிட்டேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து இருந்தது, மாற்றி வைக்கச் சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டேன், பூனை அக்கா எழுதியதைப் படித்த பிறகு. ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார், அடியில் இருந்த பொடி எழுத்து வரைக்கும். "இது வேற ஸ்கேல்டா, இதை எப்படி இந்தத் தாளில வைக்கிறது" என்றார். லேப் அண்ணாவின் பதிலை அதற்கு அப்புறம்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். 58.4ஐ நோட்டில் எழுதி, சுற்றி வட்டம் போட்டு, கிராஃபில் வைக்காமல் விட்டுவிட்டார். 39.6 வந்ததும் அதை வைத்தார். கோடு இழுக்கவில்லை. ஆறு வாரம் தள்ளி எந்தக் கட்டத்தில் வரும் என்று எண்ணி, அடியில் பென்சிலால் தேதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.